தலையெழுத்தும் ஏட்டெழுத்தும்



திருச்சி நகரின் நடுவே நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டையை அறியாதார் யார்? அந்த மலைமீதுள்ள கடவுளுக்குத் 'தாயுமானவர்' என்று பெயர். பெயர்க்காரணம் கேட்டால் தலபுராணம் ஒரு கதை சொல்லும். இரத்தினாவதி என்றொரு பெண் நிறைமாதக் கருவுற்றிருந்தாள். அவளுக்குப் பேறு பார்க்கப் பெற்ற தாய் புறப்பட்டு வந்தாள். வழியிலே காவிரி கரைபுரண்டது. தாயால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. இங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது, துணைக்கு ஆளில்லை. அப்போது சிவனே தாயின் வடிவெடுத்து வந்து பேறு பார்த்தாராம். வெள்ளம் வடிந்து மெய்யான தாய் வந்து சேர்ந்தபோது வீட்டிலே இரண்டு தாயர் நின்றனராம்!

கதையைக் கேலி செய்வதற்காக நான் இதை எடுக்கவில்லை. கதைக்குள்ளே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அதைக் காட்டவே எடுத்தேன். எந்த அச்சம் மக்களை ஆட்டிப் படைக்கிறதோ, அந்த அச்சத்துக்கு ஆறுதலாகத்தான் அவர்கள் கதை கட்டுவார்கள். பெருகி வரும் வெள்ளம், பொறுக்க முடியாத வலி, துணையற்ற வீடு — இம்மூன்றும் ஒன்றுகூடும் இரவு காவிரிக்கரைப் பெண்களுக்குப் புதிதன்று. கடவுளே மருத்துவச்சியாக வந்தால்தான் உண்டு என்று ஏங்கும் அளவுக்கு, மனிதத் துணை அரிதாக இருந்திருக்கிறது!

ஓர் இரத்தினாவதிக்குத் துணை வந்ததென்று புராணம் எழுதினார்கள். துணை வராமல் மாண்ட ஆயிரமாயிரம் பெண்களின் கணக்கை எவர் எழுதினார்? எந்த ஏட்டிலே எழுதினார்? எவரும் எழுதவில்லை. 'தலையெழுத்து' என்ற ஒரே சொல்லால் கணக்கை முடித்துவிட்டார்கள்.

அந்தத் தலையெழுத்தின்மீது கோடு கிழித்துவிட்டு, 'இன்ன நேரத்தில் இன்னது நிகழ்ந்தது, இன்னார் இதைச் செய்தார்' என்று ஏட்டிலே எழுதத் தொடங்கியதுதான் செவிலியர் வரலாறு. அந்த வரலாற்றையும், அது இன்னும் முடிக்காமல் விட்டிருக்கும் ஒரு வேலையையும் சொல்ல விரும்புகிறேன்.

பழி சுமந்த கை

திருச்சியிலிருந்து மேற்கே, ஆற்றை எதிர்த்துச் சென்றால், காவிரியின் வடகரையில் முசிறி. தென்கரையில் குளித்தலை. இடையே, அகண்ட காவிரி என்று மக்கள் அழைக்கும் அகன்ற ஆறு. இன்று பெரியார் பாலத்தின்மீது பேருந்து ஓடுகிறது. ஆற்றைக் கடந்தோம் என்ற நினைவே இல்லாமல் கடந்துவிடுகிறோம். பாலம் வருமுன் பரிசலும் ஓடமுமே துணை. பெருக்கெடுத்த நாளில் அவையும் இல்லை. கோரைப்பாய் நெய்த பெண்ணுக்கும், வாழைத் தோட்டத்தில் கூலிக்கு உழைத்த பெண்ணுக்கும் வலி கண்டால், ஓடி அழைப்பதற்கு இருந்தவள் ஊர் மருத்துவச்சி ஒருத்தியே.

யார் அந்த மருத்துவச்சி? பெரும்பாலும் முடிதிருத்தும் தொழிலுடைய குடும்பத்தைச் சேர்ந்தவள். பாட்டியிடம் தாய் கற்றதைத் தாயிடம் இவள் கற்றாள். எழுத்தறியாள், ஆனால் கைப்பழக்கம் உண்டு. ஊர்ப் பிள்ளைகளை முதன்முதலில் ஏந்திய கை அவளுடைய கை. அந்தக் கைக்கு ஊர் அளந்த கூலி என்ன? சிறிது நெல், ஒரு பழம்புடைவை, கூடவே 'தீட்டு' என்ற பட்டம்! பிள்ளை வெளியே வரும்வரை அவள் வேண்டும்; வந்தபின் திண்ணையில் அமரவும் தகாதவள்!

பேறு பார்த்த கையைத் தீட்டென்று தள்ளிய சமுதாயம், அந்தக் கை கழுவச் சோப்புத் தந்ததா? தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் கொதிநீரில் இடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததா? அவளுக்கென ஒரு பள்ளியாவது திறந்ததா? எதுவும் இல்லை. தாய் பிழைத்தால் 'கடவுள் செயல்' என்றது. தாய் மாண்டால் 'மருத்துவச்சியின் கைராசி' என்று அவள்மீது பழி போட்டது.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பழி வேறு, பொறுப்பு வேறு. கல்வியும் கருவியும் அதிகாரமும் தராமல் ஒருவர் தலையில் ஏற்றுவது பழி. அவற்றைத் தந்து, 'இனி இதற்கு நீயே விடை சொல்ல வேண்டும்' என்று ஒப்படைப்பது பொறுப்பு. மருத்துவச்சியிடம் நம் முன்னோர் தந்தது பழி. அதைப் பொறுப்பாக மாற்றுவதற்கு நூறாண்டுக்குமேல் ஆயிற்று.

திண்டிவனத்து இரவு

படித்த மருத்துவர் இருந்த ஊரிலேனும் பெண்கள் பிழைத்தார்களா? திண்டிவனம் விடை கூறும். 1890களில் ஓர் இரவு. அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கட்டரின் வீட்டுக் கதவை மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக, வந்து தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மூவரும் கேட்டது மருத்துவரை அன்று. அவர் மகள் ஐடாவை! அவரோ மருத்துவம் பயிலாத இளம்பெண். 'எனக்கு எதுவும் தெரியாது. என் தந்தை வருவார், அழைத்துச் செல்லுங்கள்' என்றார். ஆடவர் எங்கள் பெண்களைத் தொடுவதா என்று மூவரும் திரும்பிவிட்டனர். விடிந்தபோது மூன்று பெண்களும் பிணங்கள்.

மூன்று சமயப் பழக்கம், மூன்று சாதிப் பெருமை; சாவு மட்டும் ஒன்றே! அந்த மூவரின் இல்லங்களிலும் அன்று 'விதி' என்ற சொல் ஒலித்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஐடா அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றார். 1900-இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார். 1902-இல் மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பள்ளி பிறந்தது. ஆண்டுகளின் வரிசையைக் கவனியுங்கள்: பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே தொடங்கியது 1918-இல், செவிலியர் பள்ளியோ அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே வந்துவிட்டது. மருத்துவர் வந்துபோவார், இரவெல்லாம் கட்டிலருகே நிற்பவர் வேறு ஒருவர் என்பதை உணர்ந்தவர் செய்த ஏற்பாடு அது. 1946-இல் அதே வேலூரில் செவிலியர்க்குப் பட்டப்படிப்பும் வந்தது.

பெயர்ப் பலகையிலே சாதி

தலைநகராம் சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. 1854-இல் பேறுகாலப் பணிக்குப் பயிற்சி தரும் பள்ளிக்கு அரசு இசைந்தது. 1871-இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. முறையான பயிற்சிக்கு இந்நாட்டில் வழிகாட்டியது நம் சென்னையே.

1854 என்ற ஆண்டு உலக வரலாற்றிலும் பொறிக்கப்பட்டது. அவ்வாண்டில்தான் கிரிமியப் போர்க்களத்துக்குப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் சென்றார். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிப் பாடத்திலே படித்தோம். விளக்கைச் சொன்னவர்கள் அவருடைய கணக்குப் புத்தகத்தைச் சொல்ல மறந்தார்கள்! எத்தனை வீரர்கள் இறந்தனர், எதனால் இறந்தனர் என்று அவர் கணக்கெடுத்தார். குண்டடியால் மாண்டோரினும், தூய்மைக்கேட்டால் வந்த நோயில் மாண்டோரே மிகுதி என்று எண்களால் மெய்ப்பித்தார். 'போர் என்றால் சாவு இயல்புதானே' என்றிருந்த படைத்தலைவர்களுக்கு, 'இச்சாவு தடுத்திருக்கக்கூடிய சாவு' என்று வரைபடம் போட்டுக் காட்டினார். அவர் கையில் ஏடு விளக்கைவிட ஒளி தந்தது.

நம் நாட்டிலோ பயிற்சி வந்தும் பழமை விடவில்லை. 1885-இல் மேரி ஷார்லிப் அம்மையார் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றிற்று. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவே. அன்று அதன் பெயர் என்ன தெரியுமா? 'சாதி, கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை'! அம்மையாரின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களை உயிரோடு மீட்க அதுவே வழியாக இருந்தது. ஆனால் ஒரு சமுதாயம் தன் நோயைப் பெயர்ப் பலகையிலேயே எழுதிவைத்ததை நாம் படிக்காமல் விடலாமா?

1926: பெயர் ஏட்டில் ஏறிய ஆண்டு

பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பொதுமக்கள் எவ்வாறு அறிவர்? வெள்ளை உடை உடுத்தவரெல்லாம் செவிலியரா? உலகமே இக்கேள்வியை எழுப்பிற்று. 1901-இல் நியூசிலாந்து செவிலியர் பதிவுக்குச் சட்டம் கண்டது. இங்கிலாந்து 1902-இல் பேறுகாலப் பணிக்கும், 1919-இல் செவிலியர் பணிக்கும் சட்டம் இயற்றியது. சென்னை மாகாணம் 1926-இல் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவ்வாண்டின் 3-ஆம் சட்டம் அது. நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதன்மை அமைச்சராக இருந்த காலம். இந்தியாவிலேயே செவிலியர்க்கென முதன்முதல் பதிவு மன்றம் கண்ட மாகாணம் என்ற பெயர் சென்னைக்கு உரியதாயிற்று.

பதிவு என்பது என்ன? சுவரில் மாட்டிவைக்கும் அழகுத்தாள் என்று பலர் எண்ணுகின்றனர். நான் அதைப் பிணைமுறி என்பேன். ஒரு பெண்ணின் பெயர் அந்த ஏட்டில் ஏறும்போது அரசு மக்களிடம் சொல்கிறது: 'இவர் கற்றவர், இவரை நம்பி உங்கள் உயிரை ஒப்படைக்கலாம், இவர் தவறினால் கேட்க ஒரு மன்றம் உண்டு, பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.' தீட்டென்று திண்ணையில் நிறுத்தப்பட்ட தொழில், சட்டத்தின் கூடத்துக்குள் நிமிர்ந்து நடந்து வந்த நாள் அது. பழி பொறுப்பாக மாறத் தொடங்கிய நாளும் அதுவே.

மறு ஆண்டு, 1927-இல், திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். பெண்ணின் உடல்நலம் சட்டமன்றத்தில் பேசத்தக்க பொருளென்று நாடு ஏற்கத் தொடங்கிய காலம் அது.

ஆனால் ஏட்டில் ஏறிய பெயர்கள் எத்தனை? 1946-இல் போர் குழு தந்த அறிக்கையைப் பாருங்கள். இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 செவிலியர். 43,000 மக்களுக்கு ஒருவர்! பேறுகாலப் பணியாளர் 5,000 பேர். 60,000 மக்களுக்கு ஒருவர்! கோயில்களையும் மடங்களையும் எண்ணி முடியாத நாட்டில், செவிலியரை எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

விடுதலைக்குப்பின் 1947-இலேயே இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1951-இல் பஞ்சாபின் தரன் தாரனில் துணைச் செவிலியர் பயிற்சி முதன்முதல் தொடங்கப்பட்டது. சிற்றூர்தோறும் சென்று கருவுற்றோரைக் கண்டு, குழந்தைக்கு ஊசியிட்டு, பேறு பார்க்கும் பணி அவர்களுடையது. நம் ஊர்ப்புறங்களில் 'நர்சம்மா' என்று அன்போடு அழைக்கப்படும் கிராம சுகாதார செவிலியர் அந்த மரபில் வந்தவரே. 2023-இல் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய ஆணையத்துக்கான புதுச்சட்டமும் வந்தது. சட்டங்களின் பெயர் மாறும். செவிலியர் கையிலே இருப்பது என்ன அதிகாரம் என்ற கேள்வி மாறவில்லை.

நால்வரில் ஒருவர்

'செவிலியர் என்பவர் மருத்துவர் சொன்னதைச் செய்யும் கைதானே?' என்று கேட்பார் உண்டு. அவர்களை வள்ளுவரிடம் அனுப்புகிறேன். மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு உறுப்புடையது என்கிறார் அவர்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்யும் உழைச்செல்வான். அருகிருப்பவரை மருத்துவருக்குள் அடக்கிவிடவில்லை; தனியே எண்ணினார், சமமாக எண்ணினார்.

அக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரோ, அருகிருப்பவர்க்கு நான்கு தகுதி வேண்டும் என்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனம், மொழி, மெய்யில் தூய்மை, சொன்னபடி செய்து முடிக்கும் வன்மை, அறிவு. பரிமேலழகரோடு நமக்குப் பல இடங்களில் பூசல் உண்டு. ஆயினும் இந்த இடத்திலே அவர் வைத்த பொருளை மறுப்பதற்கில்லை. சொன்னதைச் செய்யும் வன்மை மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்றாரே, அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது செவிலியரின் அறமெல்லாம். சொன்னது தவறென்று அறிவு கூறினால் கை என்ன செய்யவேண்டும்?

அதற்கும் தமிழிலேயே விடை உண்டு. நாம் இன்று 'செவிலி' என்று வழங்கும் சொல் சங்க இலக்கியத்துச் செவிலித்தாயிடமிருந்து பெற்றது. அக இலக்கியத்தில் அவளுக்கு ஒரு பெரும்பணி உண்டு. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் சொல்வாள். மறைத்தால் ஓர் உயிர் மாயும் என்ற நிலையில், மேலே இருப்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'! உண்மையை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்வதையே அறத்தோடு நிற்பதாகக் கருதிய மொழி நம் மொழி. இன்றைய செவிலியர்க்கு இதைவிடச் சிறந்த ஒழுக்கநெறியை எவர் வகுத்துத் தரமுடியும்?

ஆணை என்னும் போர்வை

அறத்தொடு நில்லாத செவிலியர் என்ன ஆவர்? செருமனியைப் பாருங்கள். இட்லர் ஆட்சியில் ஹதமார் என்ற ஊரின் மனநோய் மருத்துவமனை கொலைக்களமாயிற்று. போலந்து, சோவியத்து நாடுகளிலிருந்து கட்டாய வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட நானூறு பேருக்கு மேற்பட்டோர் அங்கே மருந்தை மிகுதியாகக் கொடுத்துக் கொல்லப்பட்டனர். கொடுத்த கைகளில் செவிலியர் கைகளும் இருந்தன. 1945 அக்டோபரில் அமெரிக்க இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. 'மேலிடத்து ஆணை' என்று வாதாடினர். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆண் செவிலியர் இருவர் தூக்கு மேடைக்குச் சென்றனர். தலைமைச் செவிலிக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

'ஆணையிட்டார், செய்தேன்' என்பது விளக்கமாகலாம். விடுதலைச் சீட்டு ஆகாது என்ற பாடத்தை உலகம் இரத்தம் சிந்திக் கற்றது. எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1953-இல், பன்னாட்டுச் செவிலியர் மன்றம் தன் ஒழுக்கநெறியை ஏற்றது. நோயாளியின் நாடும் இனமும் நிறமும் சமயமும் செவிலியர் கண்ணுக்குத் தெரியலாகாது என்ற கொள்கை அதன் உயிர்.

வழக்கு மன்றத்தில்

செருமனி தொலைவில் இருக்கிறது என்று எண்ணவேண்டா. தீய எண்ணம் சிறிதும் இல்லாத இடத்திலும் உயிர் போகும். 1993 டிசம்பரில், தில்லியில், காய்ச்சல் கண்ட ஒரு சிறுவனைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தனர் பெற்றோர். மருத்துவர் எழுதியது ஒரு மருந்து. செவிலியர் வாங்கிவரச் சொன்னது மற்றொரு மருந்து. மருத்துவர் அருகில் இல்லாமலே ஊசி நரம்பில் ஏறிற்று. குழந்தையின் நெஞ்சத் துடிப்பு நின்றது, மீட்டனர். ஆனால் மூளை கெட்டது, கெட்டது கெட்டதே.

வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று 1998 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. ஊசியிட்டவர் எந்த மாநிலப் பதிவு மன்றத்திலும் பெயர் பதியாதவர், தகுதி பெறாதவர் என்பது வெளிப்பட்டது! குழந்தைக்குப் பன்னிரண்டரை இலட்சமும், பெற்றோரின் மனவேதனைக்கு ஐந்து இலட்சமும் இழப்பீடாக உறுதி செய்யப்பட்டன. மருத்துவமனையே விடை சொல்லக் கடமைப்பட்டது என்றது நீதிமன்றம். இயலாதவர் என்று தெரிந்தே இளையவரிடம் வேலையை ஒப்படைக்கும் மூத்த மருத்துவரும் குற்றவாளியே என்றும் இடித்துரைத்தது.

இத்தீர்ப்பை ஊன்றிப் படியுங்கள். ஊசி பிடித்தது ஒரு கை. ஆனால், பதிவு பெறாதவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்திய கையும், இரவு வேலையை அவர் தலையில் கட்டிய கையும் அந்த ஊசியின்மேலே இருந்தன. 1926-இல் சென்னை மாகாணம் ஏன் ஏடு திறந்தது என்பதற்கு எழுபது ஆண்டுக்குப்பின் கிடைத்த கண்ணீர் விளக்கம் அது.

அதே நீதிமன்றத்தில் செவிலியரின் பெருமைக்கும் ஒரு சான்று உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே பணிபுரிந்த ஒருவனால் கொடுமையாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். உறவு நகர்ந்தது, செவிலியர் நகரவில்லை. ஒரு தலைமுறை ஓய்வு பெற்றது. மறு தலைமுறை பொறுப்பேற்றது. தாம் ஒருநாளும் பேசிப் பழகாத ஒரு பெண்ணைக் குளிப்பாட்டினர், ஊட்டினர், புரட்டிப் படுக்கவைத்தனர். அவருக்குச் சாவை வேண்டி வந்த மனுவின்மேல் 2011 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பதை வியந்து பதிவு செய்தது. அவருக்காகப் பேசும் உரிமை அவரைப் பேணிய மருத்துவமனைப் பணியாளர்க்கே உண்டென்றது. 2015 மே 18 அன்று அருணா மறைந்தார். 42 ஆண்டுகள்! எந்த வரமும் வேண்டாது, எந்த மோட்சமும் எதிர்பாராது நடந்த தொண்டு அது.

முசிறிப் பக்கத்தில் ஓர் இரவு

இனித் தலைமை பற்றி. தலைமை என்றதும் பெரிய மருத்துவமனையின் பெரிய நாற்காலி நினைவுக்கு வரும். முசிறி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தை நான் நினைக்கிறேன். நள்ளிரவு. பணியில் ஒரே செவிலியர். பிள்ளை பிறந்துவிட்டது; நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது; ஆனால் உதிரம் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் குடிக்கவல்லது. நாடி பார்க்கிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், கருப்பை சுருங்க ஊசியிடுகிறார், வயிற்றைத் தேய்த்துவிடுகிறார். மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்கிறார். 108 வண்டியை அழைக்கிறார். அப்போது வீட்டார் சொல்கின்றனர்: 'விடியட்டுமே அம்மா, நேரம் சரியில்லை, நல்ல நேரம் பார்த்துக் கொண்டுபோகலாம்.'

அந்த நொடியில் அந்த அறையில் தலைவர் யார்? மாவட்ட அதிகாரி தூங்குகிறார். மருத்துவர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார். அமைச்சர் தலைநகரில் இருக்கிறார். அந்த அறையின் அரசு, சட்டம், அறிவியல் எல்லாம் அந்த ஒரு பெண்தான்! 'நேரம் பார்க்க நேரமில்லை. வண்டியில் ஏற்றுங்கள்' என்று அவர் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, எத்தனை மணிக்கு உதிரம் கண்டது, எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்கு அழைப்பு, எத்தனை மணிக்கு வண்டி என்று எழுதவேண்டும். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது செவிலியர் பள்ளியின் முதற்பாடம். அந்த எழுத்து நாளை நீதிமன்றத்தில் அவரைக் காக்கும். அடுத்த மருத்துவமனையில் அத்தாயைக் காக்கும். தாமதம் எங்கே நேர்ந்தது என்று ஆராய்வோர்க்கு வழிகாட்டி, இன்னும் பிறவாத தாயரையும் காக்கும்.

இவ்வளவையும் அவரிடம் எதிர்பார்க்கும் நாடு அவருக்கு என்ன தருகிறது? 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டையில் ஒப்பந்தச் செவிலியர் திரண்டு அமர்ந்தனரே, அவர்கள் அப்போது பெற்ற திங்கள் ஊதியம் 7,700 ரூபாய்! உயிருக்குப் பொறுப்பு அவர்கள். அவர்கள் வயிற்றுக்குப் பொறுப்பு எவர்?

சட்டமும் ஒரு புதிர் போட்டிருக்கிறது. அசட்டையால் உயிர்போனால், பழைய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு எவருக்கும் இரண்டாண்டுச் சிறையே உச்சமென்றது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டாக உயர்த்தியது. மருத்துவ முறையின்போது பதிவு பெற்ற மருத்துவர் தவறினால் மட்டும் இரண்டாண்டு. அந்தச் சொல்லுக்கு அங்கே தரப்பட்ட விளக்கத்துக்குள் செவிலியர் வரவில்லை. ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே உயிர். ஆணையிட்டவர்க்கு இரண்டு, ஆணையைச் செய்தவர்க்கு ஐந்து! மருத்துவருக்குக் காட்டிய பரிவைப் பறிக்க வேண்டுமென்று கூறவில்லை. அதை அருகிருப்பவருக்கும் நீட்ட வேண்டுமென்றே கேட்கிறேன். அதிகாரம் குறைவு, ஊதியம் குறைவு, தண்டனை மட்டும் மிகுதி என்றால், அது பழைய மருத்துவச்சியின் நிலையல்லவா? பொறுப்பு என்ற பெயரில் பழி மீண்டும் வாசல் வழியே நுழைகிறதல்லவா?

இளைஞர்களே, உங்களுக்கு

ஏட்டெழுத்து என்ன சாதித்தது என்பதை எண்ணால் சொல்கிறேன். 2018–20 கணக்கின்படி, நூறாயிரம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் இறந்த தாயர் 97, தமிழ்நாட்டில் 54. ஒவ்வொரு தாயின் சாவையும் எழுதி, ஏன் இறந்தாள் என்று கேட்கத் துணிந்ததன் பயனும் இதில் உண்டு. அந்த 54-ஐயும் ஊழென்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஓர் இரத்தினாவதி இருக்கிறாள்.

உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஒருநாள் செல்லுங்கள். இரவில் எத்தனை செவிலியர் இருக்கின்றனர் என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் ஊசியிடுபவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வீட்டிலே பெரியவர்கள் 'நல்ல நேரம்' பார்க்கத் தொடங்கினால், செவிலியர் பக்கம் நின்று வண்டியில் ஏற்றுங்கள். தவறு நேர்ந்தால் அடிக்கக் கை ஓங்காதீர்கள்; ஏட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஏடு சரியாக இருந்தால் அவரை வணங்குங்கள். இல்லையேல் மன்றத்தில் முறையிடுங்கள். செவிலியர் ஊதியத்துக்கும் உரிமைக்கும் போராடினால், அவர்களோடு சென்று அமருங்கள்.

மலைமீதுள்ளவர் ஒரே ஒரு பெண்ணுக்கு, ஒரே ஒரு முறை தாயுமானார் என்கிறது புராணம். முசிறியிலும் குளித்தலையிலும், வெள்ளமானாலும் வெயிலானாலும், நாள்தோறும் தாயுமாகி நிற்கிறார் ஒரு பெண். அவர் பெயர் எந்தப் புராணத்திலும் இல்லை. பதிவேட்டிலே இருக்கிறது, அவருக்குரிய அதிகாரத்தையும் அங்கேயே எழுதிவைக்க வேண்டியது நம் கடன்.